அறிவதற்காக ஒரு சத்திரசிகிச்சை: கண்ணின் அகநோய்களும் பூனாகலைத் தோட்டத்து நோயாளியும்

சத்திரசிகிச்சை என்றதும் நோயுற்ற உறுப்பைச் சீர்செய்தல் அல்லது வெட்டியகற்றுதல் என்றே நாம் பொருள்கொண்டு பழகியுள்ளோம். நோய் யாதெனத் தெரிந்த பின்னரே கத்தி எடுக்கப்படும் என்பது பொதுவான நம்பிக்கை. கண் மருத்துவத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகும் சந்தர்ப்பங்கள் சில உள. கண்ணின் உட்பகுதி கலங்கிப் பார்வை மங்குகிறது. இரத்தப் பரிசோதனைகள் எதனையும் தெளிவாகக் கூறவில்லை. மருந்துகள் சிறிது பயன்தந்து பின்னர் பயனற்றுப் போகின்றன. உள்ளே இருப்பது நுண்ணுயிர்த் தொற்றா, உடல் தன்னையே தாக்கும் அழற்சியா, அன்றிப் புற்றுநோயா? இவ்வினாவுக்கு விடைகாணும் பொருட்டே கண்ணைத் துளைத்து அதனுள்ளிருக்கும் பாயத்தை எடுத்துச் சோதிக்க வேண்டியுள்ளது. குணப்படுத்துவது இங்கு இரண்டாவது நோக்கம். அறிவதே முதல் நோக்கம்.

இதனை நாம் பூனாகலையிலிருந்து நோக்க விரும்புவதற்குக் காரணம் உண்டு. பண்டாரவளையிலிருந்து தெற்கே, தேயிலைச் சரிவுகளூடு வளைந்து செல்லும் பாதையில் அமைந்தது பூனாகலை. இங்கு விவரிக்கப்படும் பரிசோதனையின் பெறுமதி முழுவதும் காலத்தில் தங்கியுள்ளது: நோயாளி எத்தனையாவது நாளில் வந்தார், வருமுன் எம்மருந்து இடப்பட்டது, எடுத்த மாதிரி எத்தனை மணி நேரத்தில் ஆய்வுகூடத்தை அடைந்தது என்பனவே முடிவைத் தீர்மானிக்கின்றன. நகரில் வாழ்பவருக்கு இவை மருத்துவ வினாக்கள். தோட்டத் தொழிலாளிக்கோ இவை சமூக வினாக்களும் ஆகும்.

முதலிற் கண்ணின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். வளர்ந்தவரின் கண்கோளம் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் விட்டமுடையது. வில்லைக்கும் விழித்திரைக்கும் இடைப்பட்ட பெரும் வெளியை நிரப்பி நிற்பது கண்ணாடியுடனீர். முட்டை வெண்கருவைப் போன்ற தெளிந்த கூழான இதன் கனவளவு ஏறக்குறைய 4 மில்லிலீற்றர்; அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வில்லைக்கு முன்னாலுள்ள சிறிய அறைகளில் நீர்மயவுடனீர் உள்ளது. கண்ணின் குருதிக் கலன்களின் சுவர் மூளையின் கலன்களைப் போன்றே இறுக்கமானது. இரத்தத்திலுள்ளவை கண்ணுக்குள் எளிதிற் புகா. கண்ணுக்குள் இருப்பவையும் இரத்தத்திற் பெரும்பாலும் தென்படா. ஆகவே கையிலிருந்து எடுக்கும் குருதியைக் கொண்டு கண்ணுக்குள் நடப்பதை ஊகிக்கலாமேயன்றி உறுதிப்படுத்துதல் அரிது. உதாரணமாக, எமது நாடுகளில் காசநோய்க்கான தோற்பரிசோதனை பலருக்கு நேர்விளைவு தரும். அதனால் அவர்களது கண் அழற்சியும் காசநோயாலேயே வந்தது என்று கூறிவிட முடியாது.

நெடுங்காலமாக இக்கூழைத் தொடலாகாது என்பதே சத்திரவைத்தியர்களின் விதியாக இருந்தது. கண்புரை அகற்றும்போது அது தவறி வெளியே வழிந்தால் அக்கண் அழிந்ததென்றே கருதினர். 1960களில் மியாமி நகரில் டேவிட் காஸ்னர் என்பவர் கண்ணின் முற்பக்கத்தைத் திறந்து, பஞ்சாலும் கத்தரியாலும் கூழை வெட்டியெடுத்து, கண் அதனைத் தாங்கிக்கொள்ளும் என்று காட்டினார். அதே நகரிற் பணியாற்றிய ஜேர்மானியரான றொபேட் மச்செமர், கண்ணைத் திறக்காமலே சிறு துளையூடு இதனைச் செய்யலாமெனக் கருதினார். வெட்டுதல், உறிஞ்சுதல், ஈடாக நீர் செலுத்துதல் ஆகிய மூன்றையும் ஒரே குழாயில் இணைத்த கருவியொன்றை அவர் முதலில் முட்டை வெண்கருவிற் பரீட்சித்தார் என்பது மருத்துவ வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1970இல் அது மனிதக் கண்ணிற் பயன்பட்டது. பிற்காலத்தில் அம்மூன்று தொழில்களும் வெவ்வேறு துளைகளுக்குப் பிரிக்கப்பட்டன. 2000த்தின் பின்னர் துளைகள் அரை மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கித் தையல் வேண்டாத நிலை உருவாயிற்று.

ஐந்தாண்டுகளுக்குள் இக்கருவி அறிதற்கருவியாகவும் மாறிற்று. 1975இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கெல்சும் அவரது சகாக்களும், கண்ணாடியுடனீரை எடுத்துச் சோதித்துக் கண்ணினுள்ளிருந்த புற்றுநோயைக் கண்டறிந்தமையை வெளியிட்டனர். அக்காலத்தில் வேறு பெயரால் வழங்கிய அந்நோய் இன்று நிணநீர்க்கலப் புற்றுநோய் எனப்படுகிறது. அதற்கு முன்னர் பெரும்பாலும் கண்ணை அகற்றிய பின்னரோ நோயாளி இறந்த பின்னரோ தெரியவந்த நோய் அது.

செய்முறை பின்வருமாறு. பெரும்பாலும் கண்ணைச் சுற்றி மட்டும் மரக்கச்செய்து, கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை அல்லது நான்கு மில்லிமீற்றர் பின்னாக வெண்படையில் துளைகள் இடப்படும். அவ்விடத்தில் வில்லையும் இல்லை, விழித்திரையும் தொடங்கவில்லை. கண்ணுக்குட் செல்வதற்கு இயற்கை விட்டுவைத்த ஒடுங்கிய வாயில் அதுவே. ஈடுநீரைத் திறப்பதற்கு முன்னரே, கலப்பற்ற கூழில் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் ஊசிக்குழாயில் எடுக்கப்படும். இவ்வொழுங்கு முக்கியமானது. நீர் கலந்த பின் எடுத்தால் கலங்களும் புரதங்களும் ஐதாகிவிடும். அதன் பின்னர் நீரைச் செலுத்தி எஞ்சிய கூழை அகற்றுவர். கழுவி வந்த நீரும் வீசப்படாமல் ஆய்வுக்கு அனுப்பப்படும். கலங்கள் சிதையாதிருக்க வெட்டும் வேகத்தையும் குறைத்துக்கொள்வர். ஆபத்து இல்லையெனக் கூற இயலாது: விழித்திரை கழன்றுபோகலாம், உள்ளே குருதி கசியலாம், கண்புரை விரைந்து வளரலாம், அரிதாகப் புதிய தொற்றும் ஏற்படலாம்.

எடுத்த ஒரு மில்லிலீற்றரை எவ்வாறு பங்கிடுவது என்பதிலேயே வைத்தியரின் சிந்தனை வெளிப்படும். நுணுக்குக்காட்டிக்கு ஒரு பங்கு, நுண்ணுயிர் வளர்ப்புக்கு ஒரு பங்கு, டீ.என்.ஏ. சோதனைக்கு ஒரு பங்கு என எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாகக் கொடுத்து எதிலும் விடை பெறாதொழியலாம். எதனை ஐயுறுகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்தவருக்கே அச்சிறு துளி பேசும். புற்றுநோயை ஐயுற்றால் மாதிரி உடனே, இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், கலவியல் நிபுணரிடம் சேரவேண்டும். நிணநீர்ப் புற்றுக்கலங்கள் மிக விரைவாகச் சிதைபவை. சத்திரவைத்தியரும் அந்நிபுணரும் முதல்நாளே பேசிக்கொள்ளாத வைத்தியசாலையில் இச்சிகிச்சையைச் செய்யாதிருத்தலே மேல் என்பது எமது கருத்து. விலைகூடிய கருவியை வாங்குவது ஓர் அமைச்சின் ஓராண்டுச் செலவு. கண்ணாடித் தட்டிலுள்ள ஐயத்துக்கிடமான நாலைந்து கலங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்கப் பல்லாண்டு வேண்டும். நம் நாட்டில் முன்னதற்கே திறப்புவிழா நடக்கிறது.

இப்புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களைத் தாக்குவது. நோவில்லை, சிவப்பும் இல்லை. கண்முன் பூச்சிகள் பறப்பதுபோலவும் புகார் படர்ந்ததுபோலவும் தோன்றும். பார்ப்பதற்குச் சாதாரண அழற்சி போன்றே இருக்கும். ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தால் சில வாரங்களுக்குத் தெளிவும் உண்டாகும். அத்தெளிவே ஏமாற்று. மருந்து புற்றுக்கலங்களிற் சிலவற்றை அழித்துவிடுவதால் அவ்வேளை எடுக்கும் மாதிரியில் எதுவும் தென்படாது போகும். ஆகையாற்றான் வைத்தியர்கள் ஸ்டீரொயிட்டை ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு மாதிரி எடுக்க விரும்புகின்றனர். இந்நோயாளரிற் பெரும்பாலோருக்கு, கண்ணோடு சேர்ந்தோ சில ஆண்டுகளின் பின்னரோ, மூளையிலும் புற்று தோன்றுகிறது. எனவே இங்கு ஆபத்திலிருப்பது பார்வை மட்டுமன்று, உயிருமாகும். கலங்கள் கிடைக்காதபோது துணைபுரியும் வழிகளும் இன்று உண்டு. பாயத்திலுள்ள இன்ரர்லூக்கின் 10 என்னும் புரதம் இன்ரர்லூக்கின் 6ஐ விஞ்சினால் புற்றுநோயை ஐயுறலாமென 1990களில் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தைச் சேர்ந்த சி-சாவோ சான் குழுவினர் காட்டினர். மைடி88 என்னும் பரம்பரையலகின் குறிப்பிட்ட ஒரு திரிபு இந்நோயாளர் பலரின் கண்ணாடியுடனீரிற் காணப்படுவதும் கடந்த பத்தாண்டுகளில் தெளிவாகியுள்ளது.

தொற்றின் கதை வேறு. அங்கு காலம் வாரங்களால் அன்றி மணிகளால் அளக்கப்படும். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுபவரை நினைத்துக்கொள்வோம். முற்றிய தேயிலை வாது கத்திபட்டுத் தெறிக்கிறது; சிராய் கண்ணைக் குத்துகிறது. மண்ணிலுள்ள பசிலசு வகைப் பற்றீரியா அதனுடன் உட்புகுந்தால் ஓரிரு நாள்களிலேயே கண் அழிந்துவிடக்கூடும். உட்புகுந்தது பங்கசு எனில் முதல் வாரம் சிறு கலக்கமாகவே தோன்றிப் பின்னர் மெல்லப் பெருகும். இரண்டுக்கும் மருந்து வேறு. பங்கசுக்கு ஸ்டீரொயிட் சொட்டு இடப்பட்டால் அது நோயை வளர்க்கும் உரமாகும். புற்றுநோயை மறைப்பதும் அதே சொட்டு. பங்கசை வளர்ப்பதும் அதே சொட்டு. கண் சிவந்தால் மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் அச்சிறு போத்தலைப் பற்றித் தோட்டங்களிற் பேசப்படவேண்டிய அளவு பேசப்படவில்லை.

சொட்டுமருந்தே தொற்றைக் கொண்டுவந்த வரலாறும் உண்டு. 2023 ஏப்பிரலில் நுவரெலியா வைத்தியசாலையிற் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. இறக்குமதி செய்யப்பட்ட பிரெட்னிசலோன் சொட்டுமருந்தின்மீது ஐயம் எழுந்து அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், சென்னையை அண்டித் தயாரிக்கப்பட்ட செயற்கைக் கண்ணீரால் 18 மாநிலங்களில் 81 பேர் மருந்துக்கு மசியாத சூடோமோனசுத் தொற்றுக்குள்ளாயினர்; நால்வர் இறந்தனர். நோயாளரிடமிருந்து எடுத்த கிருமியையும் போத்தலில் இருந்த கிருமியையும் ஒப்பிட்டே அங்கு மூலம் நிறுவப்பட்டது. நோயுற்றவரிடமிருந்து மாதிரி எடுக்காவிட்டால் மருந்துக் கம்பனியைக் குற்றங்கூறவும் சான்றில்லை என்பதை இங்கு நாம் கவனிக்கலாம். நோய்நிர்ணயம் என்பது சிகிச்சைக்கு மட்டுமன்றி நீதிக்கும் வேண்டப்படுவது.

தொற்றைப் பொறுத்தவரை தோட்டப்பகுதிகளுக்கு நம்பிக்கை தரும் ஓர் உண்மையுண்டு. 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வொன்று கண்புரைச் சத்திரசிகிச்சையின் பின் தொற்றுக்குள்ளான 420 நோயாளரை ஆராய்ந்தது. கைய‌சைவையேனும் காணும் பார்வை எஞ்சியிருந்தோருக்கு, கூழ் முழுவதையும் அகற்றுவதும் ஊசியால் சிறிதளவு எடுத்துவிட்டு நுண்ணுயிர்கொல்லியை உட்செலுத்துவதும் ஒரே அளவு பயனளித்தன. ஒளியை மட்டும் உணர்ந்தோருக்கே பெரிய சிகிச்சை தெளிவான மேன்மை தந்தது. பெரிய இயந்திரமில்லாத மாவட்ட வைத்தியசாலையின் கண் வைத்தியரும், ஊசி, மருந்து, வளர்ப்புத் தட்டு ஆகியவற்றைக் கொண்டு இவர்களிற் பலரின் கண்ணைக் காக்கலாம் என்பது இதன் பொருள். ஆயின் நோயாளி பார்வை முற்றாக மங்குமுன் வரவேண்டும். அதே ஆய்வில், தொற்று வெளிப்படையாக இருந்தும் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேரிலேயே கிருமி வளர்ப்பில் உறுதியாயிற்று. எதுவும் வளரவில்லை என்ற அறிக்கை, எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இக்குறையை ஓரளவு நீக்கியது பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம். மிகச் சிறு அளவான டீ.என்.ஏ.யைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் இம்முறை, துளியளவே கிடைக்கும் கண்பாயத்துக்கென்றே உருவானது போன்றது. தமிழகத்தில் இது செய்த பணி நமக்கு நெருக்கமானது. 1993இன் இறுதியில் மதுரையில் வெள்ளம் பெருகியது. அடுத்து வந்த மாதங்களில் அரவிந்த் கண் வைத்தியசாலைக்குக் காரணம் விளங்காத கண் அழற்சியுடன் பலர் வரத்தொடங்கினர். வைத்தியர் ரத்தினமும் அவரது சகாக்களும் இதனை எலிக்காய்ச்சலோடு தொடர்புபடுத்தினர். 1997இல் 73 நோயாளரைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. நோயாளரின் நீர்மயவுடனீரில் லெப்ரோஸ்பைராவின் டீ.என்.ஏ.யும் கண்டறியப்பட்டது. காய்ச்சல் வந்துபோய், வாரங்களோ மாதங்களோ கழிந்து, கிருமி மறந்துவிடப்பட்ட நிலையில் கண் அதனை நினைவில் வைத்திருந்தது. 2008இல் 7,000த்துக்கு மேற்பட்ட எலிக்காய்ச்சல் நோயாளர் பதிவான இலங்கைக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

சென்னை சங்கர நேத்ராலயாவின் மாதவனும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. இளைஞரின் கண்ணுள் மீண்டும் மீண்டும் குருதி கசியும் ஈல்சு நோய் நம் பிரதேசத்திற் கூடுதலாகக் காணப்படுவது. சத்திரசிகிச்சையில் அகற்றிய படலங்களைச் சோதித்தபோது அந்நோயாளரின் 23 படலங்களில் 11இல் காசநோய்க் கிருமியின் டீ.என்.ஏ. இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த வேறு நோயாளரின் 27இல் 3இலும் இருந்தது. அம்மூன்றை நாம் மறந்துவிடலாகாது. டீ.என்.ஏ. இருத்தல் வேறு, அதுவே நோய்க்குக் காரணமாதல் வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஒரு குடும்பமே அடைந்து வாழும் லயங்களிற் காசநோய்க் கிருமியோடு பழகாதவர் எத்தனை பேர்? கிருமியின் சுவடு கண்டவுடன் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் தவறாகலாம். காணாததால் கைவிடுவதும் தவறாகலாம்.

இவ்வளவு கூறியபின் ஒரு விலக்கையும் அழுத்திக் கூறவேண்டும். குழந்தையின் கருமணியில் வெண்மை தெரிந்தால் அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். அங்கு ஊசியோ துளையோ இடலாகாது. துளையின் வழியே புற்று கண்ணுக்கு வெளியே பரவும். அந்நோய் பார்த்தும், ஒலியலைப் படத்தாலுமே நிர்ணயிக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில், சிகிச்சை பெறும் குழந்தைகளின் நீர்மயவுடனீரிலிருந்து புற்றின் டீ.என்.ஏ.யைப் படிக்கும் முயற்சிகள் தனித்த நிலையங்களிற் கடும் பாதுகாப்புடன் நடைபெறுகின்றன. அவை இவ்விதியைத் தளர்த்துவன அல்ல.

இனிப் பூனாகலைக்கு வருவோம். அறுபது வயதை அண்டிய, தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெண்ணுக்கு ஒரு கண்ணிற் புகார் படர்வதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் செல்வது தோட்ட டிஸ்பென்சரிக்கு. தோட்ட மருத்துவம் குடியேற்றக்கால மருத்துவத் தேவைகள் சட்டங்களின் வழியே நாட்டின் பொதுச் சுகாதாரத்திலிருந்து பிரிந்தே வளர்ந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி தொண்ணூறுகளில் தொடங்கியும் இன்னும் முழுமை பெறவில்லை. அங்கே வயதாகிவிட்டது, புரையாக இருக்கும் என்பர். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதனாலேயே சரியல்லாத ஒன்று தப்பிவிடுகிறது. அடுத்தது பண்டாரவளை அல்லது தியத்தலாவை, அதன்பின் பதுளை, ஈற்றில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலை. ஒவ்வொரு படியிலும் ஒரு சொட்டுமருந்து. ஒவ்வொரு பயணத்திலும் துணைக்குச் செல்லும் மகளுக்கு ஒரு நாட் பேர் இல்லை. மழைக்காலத்திற் பாதையே நிச்சயமில்லை: 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2023 மார்ச் 19இல் பூனாகலைக் கபரகலையிலும் மலை சரிந்ததை நாம் அறிவோம். கொழும்பை அடையும்போது கண்ணிற் பல மாத ஸ்டீரொயிட் ஊறியிருக்கும். அவ்வேளை எடுக்கும் மாதிரி வெறுமையாக வந்தால் அதற்குக் கருவியையோ வைத்தியரையோ மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. மாதிரி பழுதடைந்தது ஆய்வுகூடத்தில் அன்று, வழியில்.

இப்பாதையைக் குறுக்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் தெளியாத கலக்கத்துக்கு மீண்டும் அதே சொட்டை எழுதாமல் கண் வைத்தியரிடம் அனுப்புதல். இதுவரை என்ன மருந்து, எந்நாளிலிருந்து கொடுக்கப்பட்டது என்பதை அனுப்பும் துண்டில் எழுதுதல். குத்துக்காயமுற்ற கண்ணை அன்றைக்கே, தோட்டத்து வாகனத்திலேனும், பதுளைக்குச் சேர்த்தல். இவற்றை ஒரு டிஸ்பென்சர் செய்யலாம். துரைமார் வாகனம் தருவார்களா என்பது தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டிய கேள்வி.

எஞ்சியிருப்பது மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் தாள் தமிழில் இருப்பது மட்டும் போதாது. "நோய்நிர்ணயக் கண்ணாடியுடனீரகற்றல்" என்று அதில் அச்சிட்டால் அது நமக்கே விளங்காது. பூனாகலைப் பெண்ணுக்கு எவ்வாறு விளங்கும்? குணமாக்குவதற்காக அன்றி அறிவதற்காகக் கண்ணைத் துளைக்கிறோம் என்பதைச் சொல்வது எம்மொழியிலும் எளிதன்று. அப்பெண் கேட்கக்கூடியது ஒரே கேள்விதான்: "இத செஞ்சா கண்ணு தெரியுமாங்க ஐயா?" அதற்கு நேர்மையான மறுமொழி இவ்வாறு அமையலாம்: "அம்மா, தெரியும்னு இப்ப சொல்ல முடியாது. கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாக்கணும். உள்ள இருக்கிற தண்ணியில கொஞ்சம் எடுத்துப் பாப்போம். அதுல தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிஞ்சா அதுக்கு உள்ள மருந்தக் குடுக்கலாம்."